சின்ன நகரத்தில் வாடகை வீடு: என் தேடல் நாட்குறிப்பு

ஜூன் 2

இருக்கிற வீட்டை விற்கப் போகிறார்களாம். ஆகஸ்ட் 1-க்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். சரியாக 60 நாள். சாப்பாடு முடிந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படி ரொம்ப இல்லாத வீடா பாரு" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

ராத்திரி கணக்குப் போட்டேன். சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பார்கள். 1969-ல் அமெரிக்காவில், அரசுக் குடியிருப்பில் இருப்பவரிடம் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1981-ல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். அந்த எண் அப்படியே எல்லோர் வாயிலும் பழகிவிட்டது. பெரிய சம்பளக்காரருக்கு மிச்சம் 70 போதும். எனக்குப் போதாது. அதனால் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டேன்: அம்மாவின் மருந்து, சாப்பாடு, போக்குவரத்து, கரண்ட், கையில் கொஞ்சம் சேமிப்பு. இவ்வளவும் போக நிற்பதுதான் வாடகை. வந்த எண் 24 விழுக்காடு. அதைத் தாண்டுவதில்லை என்று எழுதி வைத்துவிட்டேன்.

ஜூன் 5

இணையத்தில் எங்கள் ஊருக்கு மொத்தம் 14 விளம்பரம். உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டால், அதில் 5 ஒரே வீடு; ஐந்து புரோக்கர் போட்டிருக்கிறார்கள். சின்ன நகரத்தில் நல்ல வீடு விளம்பரத்துக்கே வருவதில்லை. ஒருவர் காலி செய்வதற்கு முன்பே அவருடைய நண்பர் பேசி முடித்துவிடுகிறார். அப்படியானால் காலியாவது முதலில் யாருக்குத் தெரியும்? காலையில் பேப்பர் போடுகிறவரை நிறுத்திக் கேட்டேன். "வீடு மாத்துறவங்க முதல்ல பேப்பரைத்தான் நிறுத்துவாங்க. தெரிஞ்சா சொல்றேன்க்கா" என்று நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 9

ஊருக்கு வெளியே ஒரு புதுக் குடியிருப்பு. வாடகை ஆசை காட்டுகிறது. ஆனால் அலுவலகம் 11 கிலோமீட்டர். போக வர 22, மாதம் 26 நாளுக்கு 572 கிலோமீட்டர். பெட்ரோலைச் சேர்த்தால் ஊருக்குள் இருக்கும் வாடகையே வந்துவிடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பேருந்தும் கிடையாது. நான் வரும்வரை அம்மா தனியாக இருக்க வேண்டும். வேண்டாம்.

ஜூன் 14

இன்று பார்த்த வீட்டில் புது பெயின்ட் வாசனை வாசலிலேயே தூக்கியடித்தது. வெளிச்சமான அறைகள், நல்ல சமையலறை. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. படுக்கையறைக் கதவைச் சாத்தி அதன் பின்பக்கச் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பெயின்ட் சின்னச் சின்னதாகக் கொப்பளித்திருந்தது. நகம் பட்டதும் ஒரு செதில் கழன்றது. உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி உப்பு.

ஓதம். மண்ணின் ஈரத்தைச் செங்கல் தன் நுண்துளை வழியே மேலே இழுக்கிறது. ஈரம் காற்றில் போய்விடும், அது கொண்டுவந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடும். மேலே எத்தனை பூச்சு பூசினாலும் உப்பு அதைத் தள்ளிக்கொண்டு வரும். அடியில் ஈரத்தைத் தடுக்காமல் தீராது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் அவளால் தூங்க முடியாது. புரோக்கர், "பெயின்ட் இன்னும் காயலம்மா" என்றார். நான் அந்தச் செதிலை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15

அடிமாட்டு வாடகைக்கு ஒரு விளம்பரம். கேட்டால், வெளியூரில் இருக்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் சாவி வரும் என்கிறார்கள். அந்தப் படத்தை இணையத்தில் தேடினேன். வேறோர் ஊரின் விடுதிப் படம். உள்ளே நின்று பார்க்காத வீட்டுக்கு யாரும் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.

ஜூன் 21

மேல்மாடி வீடு. வேண்டுமென்றே மதியம் மூன்று மணிக்குப் போனேன். மேற்குச் சுவரில் உள்பக்கம் உள்ளங்கையை வைத்தால் சுடுகிறது. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தக் கான்கிரீட் ராத்திரிதான் அறைக்குள் விடும். அந்தச் சூட்டோடு மல்லுக்கட்ட ஆகும் கரண்ட் பில்லும் வாடகைதானே. படி வேறு 54.

ஜூன் 29

பேசி முடிக்கிற நிலையில், "ஆம்பளை யாரும் கூட இல்லையா?" என்று கேட்டார் உரிமையாளர். நானும் அம்மாவும் மட்டும்தான் என்றேன். "அப்புறம் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். ஏழு வருடம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாமல் வாடகை கொடுத்திருக்கிறேன். அதை அவர் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 6

பேப்பர்காரர் கூப்பிட்டார். "அக்கா, ஒரு வீட்ல மாசக் கடைசியோட பேப்பர் வேணாம்னுட்டாங்க." சாயங்காலமே போனோம். முதல் மாடி. 18 படி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திருப்பம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அம்மா தானே ஏறினாள்.

காலி செய்கிறவர்கள் உள்ளே இருந்தது பெரிய வசதி. அந்தப் பெண்ணிடம் கேட்டதற்கு, காலையில் மட்டும் தண்ணீர் மெதுவாக வரும் என்று மறைக்காமல் சொன்னார். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் சேர்த்துத் திறந்தேன், இரண்டிலும் வந்தது. கரண்ட் பில் மட்டும் கூடுதல், ஏன் என்று தெரியவில்லை என்றார்.

அவர் அனுமதியோடு கீழே போய் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 9 நொடிக்கு ஒரு முறை. ஒரு மணி நேரத்துக்கு 400 மின்னல், ஒரு நாளைக்கு 3 யூனிட், மாதம் 90 யூனிட். வீட்டில் எதுவுமே ஓடாதபோது.

உரிமையாளர் அம்மாளை அழைத்துக் காட்டினேன். படிக்கட்டு விளக்குகளும் வாசல் கேமராவும் இந்த மீட்டரில்தான் ஓடுகின்றன. அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கே தெரியாதும்மா. இத்தனை நாள் அவங்கதானே கட்டியிருக்காங்க" என்று அந்தக் குடும்பத்தின் பாக்கியில் கழித்துக்கொள்வதாக அங்கேயே சொன்னார். வீடு பிடித்ததோ இல்லையோ, அந்தச் சொல்லுக்காகவே இவரிடம் குடியிருக்கலாம் என்று தோன்றியது. வாடகை என் 24-க்குள் வருகிறது.

ஜூலை 12

ஒப்பந்தம் எழுதினோம். காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்வது, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், மோட்டார் பழுதானால் யார் செலவு, அடுத்த வருடம் எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. படிக்கட்டு லைனைப் பொது மீட்டருக்கு மாற்றித் தர வேண்டும் என்பதைத் தனி வரியாகச் சேர்த்தேன். அவர் மறுக்கவில்லை.

ஜூலை 27

சாவி கிடைத்தது. சாமான் ஏற்றும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்தேன்: ஆணி அடித்த துளைகள், குளியலறையில் விரிசல் விட்ட ஒரு ஓடு, ஜன்னலில் இல்லாத ஒரு கொண்டி. உரிமையாளர் அம்மாளுக்கும் அனுப்பிவிட்டேன்.

பிறகு கீழே போய் மெயினை அணைத்து மீட்டர் முன்னால் நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு. விளக்கு மின்னவில்லை. மீட்டரில் இருந்த எண் 04316. அதை ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியிலும் எழுதி, அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அம்மா திருப்பத்தில் நின்று, "கரண்ட் வந்துருச்சா, மேலே போகலாமா?" என்று குரல் கொடுத்தாள். மெயினைப் போட்டுவிட்டு ஏறினேன்.