வண்டிய விடச் சொல்றதுக்கு முன்னாடி பஸ்ஸ ஒழுங்கா விடுங்க

கார எடுக்காதீங்க, பஸ்ல போங்க, நடந்து போங்கன்னு யாராவது ஜனங்களுக்கு அட்வைஸ் பண்றத பாத்தாலே எனக்கு கோவமா வருது. விஷயம் சரிதான், புகையும் குறையணும் ட்ராஃபிக்கும் குறையணும், ஆனா அத தப்பான ஆளுங்ககிட்ட சொல்லிட்டு இருக்காங்க. காலைல குழந்தைய ஸ்கூல்ல விட்டு, அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு, அதுக்கப்புறம் ஆபிஸ் போற ஒரு அம்மாவ நெனச்சுப் பாருங்க. நிறைய ஊர்ல பஸ் ரூட்டே வீட்டுலேர்ந்து நேரா நடு ஊருக்குப் போய் சாயங்காலம் திரும்புறவங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. அவங்க வண்டி எடுக்காம வேற என்ன பண்ணுவாங்க?

என்னைக் கேட்டா முதல் தடை காத்திருக்கறதுதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னா யாரும் டைம் பாக்க மாட்டாங்க, நேரா ஸ்டாப்புக்குப் போய் நிப்பாங்க. அதே நாப்பது நிமிஷத்துக்கு ஒண்ணு, நடுவுல ஒரு எடத்துல மாறவும் வேணும்னா, முதல் பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டானாலே அடுத்தது கண்ணு முன்னாடி கிளம்பிப் போயிடும், அப்புறம் இன்னொரு நாப்பது நிமிஷம் நிக்கணும், ரெண்டு தடவ இப்படி ஆபிஸுக்கு லேட்டா போனவங்க மூணாவது தடவ பஸ் பக்கமே வர மாட்டாங்க. டிக்கெட்ட இலவசமாக்கறதும் நல்லதுதான், கையில காசு இல்லாதவங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா அது மட்டும் பத்தாது, லக்சம்பர்க் 2020-லேர்ந்து நாடு முழுக்க பஸ், ட்ரெயின், ட்ராம் எல்லாத்தையும் இலவசமா விடுது, அங்க கார் இன்னும் ஏகப்பட்டது ஓடிட்டுதான் இருக்கு.

சைக்கிளுக்கு வந்தா பிரச்சனை ஜங்ஷன்ல இருக்கு. பாதை அழகா போயிட்டே இருக்கும், சட்டுனு ஒரு பெரிய சிக்னல்ல முடிஞ்சு உங்கள லாரிங்களுக்கு நடுவுல விட்டுடும். மீதி வழி எவ்ளோ நல்லா இருந்தாலும் அந்த ஒரு எடத்துக்காகவே யாரும் தன் பொண்ண சைக்கிள்ல அனுப்ப மாட்டாங்க. ஸ்பெயின்ல செவில் நகரம் 2006 வாக்குல ஆரம்பிச்சு துண்டு துண்டா போடாம ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி, காருங்க கூட கலக்காத தனிப் பாதையா கொஞ்ச வருஷத்துலயே போட்டு முடிச்சாங்க, சைக்கிள் ஓட்டறவங்க எண்ணிக்கை பல மடங்கு ஏறிடுச்சு.

எல்லாத்தையும் எலக்ட்ரிக் கார் பாத்துக்கும்னு நம்பறவங்களும் இருக்காங்க. புகை போகும், உண்மைதான். டயர் தேயற தூசி போகாது, நெரிசல் போகாது, பார்க்கிங்குக்கு அதே எடம் வேணும்.

ஆனா எல்லாத்தையும் விட பெரிய தடை, மாத்தறதுக்கு முன்னாடி வர்ற பயம். ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் நகரத்துக்குள்ள வர்ற கார்களுக்கு நெரிசல் கட்டணம்னு சொன்னப்போ பெரும்பாலான ஜனங்க எதிர்த்தாங்க. சரி, சோதனையா வெச்சுப் பாப்போம்னு 2006 ஜனவரிலேர்ந்து ஜூலை வரைக்கும் வெச்சாங்க, அதுக்கு முன்னாடியே கூடுதல் பஸ்ஸும் விட்டுட்டாங்க, கட்டணம் வாங்கற எல்லைய தாண்டற வண்டிங்க கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுது. செப்டம்பர்ல வாக்கெடுப்பு வெச்சப்போ ஓட்டு போட்ட நகர மக்கள்ல பாதிக்கு மேல வேணும்னு சொன்னாங்க, 2007-ல நிரந்தரமாவே வந்துடுச்சு. பிரசங்கம் பண்ணி மாறாதது ரோடு காலியா இருக்கறத நேர்ல பாத்ததும் மாறிடுச்சு, எனக்கு இதுல ரொம்ப நம்பிக்கை வருது.

கார் வரலேன்னா வியாபாரம் போயிடும்ங்கற கடைக்காரங்க பயத்தையும் தட்டிக் கழிக்கக் கூடாது, அவங்க பொழப்பு அது. சரக்கு எறக்க எந்த நேரம் வேணும்னு அவங்ககிட்டயே உக்காந்து கேக்கணும். நடக்க முடியாதவங்களுக்கு கார்தான் கால், அவங்களுக்கு வாசல் வரைக்கும் வழி இருந்தே ஆகணும், மத்த வண்டிங்க குறைஞ்சா அவங்களுக்குத்தான் முதல்ல எடம் கிடைக்கும்.

அதனால உங்க தெருவுல கார குறைக்கணும்னு ஒரு பேச்சு வந்தா சண்டைக்குப் போகாம ஆறு மாச சோதனை கேளுங்க. முக்கியமா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இப்ப எத்தனை வண்டி போகுது, எத்தனை பேர் நடக்கறாங்க, கடைல வியாபாரம் எப்படி இருக்குன்னு கணக்கெடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு அவங்கவங்க தனக்குத் தோணினதத்தான் பேசிட்டு இருப்பாங்க.