பேஸ் ஒலிக்கும்போது அவை

நியூயார்க்கின் ஏழாவது அவென்யூவில், ஒரு சிவப்புத் துணிக் கூரையின் கீழ் இருக்கிறது வில்லேஜ் வான்கார்டின் கதவு. திறந்ததும் முகப்புக் கூடம் எதுவும் இல்லை. செங்குத்தான குறுகிய படிக்கட்டு நேராக நிலவறைக்கு இறங்குகிறது. மேக்ஸ் கார்டன் 1935இல் தொடங்கிய இந்த அரங்கு, 1957இலிருந்து முழுக்க ஜாஸ் இசைக்கே உரியதாயிற்று. ஆப்பு வடிவ அறையின் குறுகிய முனையில் மேடை. 123 பேர் அமர்ந்தால் அறை நிறைந்துவிடும். இசைக் கலைஞர்கள் மேசைகளுக்கு இடையே, நம் தோளை உரசாத குறையாக நடந்துதான் மேடைக்கு வருகிறார்கள். நால்வர் ஜாஸ் குழுக்களைச் சிறிய அரங்குகளில் மட்டுமே கேட்பது என்ற முடிவோடு நான் புறப்பட்ட மூன்று வாரப் பயணம் இந்தப் படிக்கட்டில்தான் தொடங்கியது. வாசிப்பவர்களைப் பற்றி எழுதவே குறிப்பேடு கொண்டுபோயிருந்தேன். முதல் இரவு முடிவதற்குள் அதன் பக்கங்கள் கேட்பவர்களைப் பற்றிய குறிப்புகளால் நிறைந்துவிட்டன.

அங்கே ஒரே இரவில் எட்டு மணிக்கு ஒன்றும் பத்து மணிக்கு ஒன்றுமாக இரண்டு செட்கள், அதாவது தனித்தனி நிகழ்ச்சிகள், நடக்கின்றன. இரண்டுக்கும் இடம் பிடித்திருந்தேன். டெனர் சாக்ஸபோன், பியானோ, தாழ்ந்த ஒலி தரும் பெரிய நரம்புக் கருவியான டபுள் பேஸ், டிரம்ஸ் என்று வழக்கமான நால்வர். முதல் செட்டின் தொடக்கத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. சாக்ஸபோன் கலைஞர் தமது சோலோவை, அதாவது தனி வாசிப்பை, முடித்து வாயிலிருந்து கருவியை எடுத்தவுடன் அறை முழுவதும் கைதட்டியது. ஆனால் ஜாஸில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே இடைவெளி கிடையாது. பாடலின் வடிவம் சுழன்றுகொண்டே இருக்கிறது, ஒரு சுற்று முடிந்த அந்தக் கணமே அடுத்த சுற்றின் முதல் அடி. ஆகவே ஒருவருக்குக் கிடைக்கும் கைதட்டல் அடுத்தவருடைய முதல் சுரங்களின் மேல் விழுகிறது. அந்தப் பியானோ கலைஞர் இதை நன்கு அறிந்தவர். கைகளை மடியில் வைத்தபடி இரண்டு, மூன்று தாள அளவுகளைக் கடந்துபோக விட்டுவிட்டு, ஓசை அடங்கும் விளிம்பில் ஒரே ஒரு சுரத்தை வைத்தார். பாராட்டு முடிவதற்காக அவர் காத்திருந்தார் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் அந்தக் காத்திருப்பிலிருந்தே அவருடைய சோலோ தொடங்கியிருந்தது.

அதற்குப் பின் பேஸ் சோலோ வந்தது. ஒரு அவையை அறிய வேண்டுமானால் இந்த நேரத்தில்தான் கவனிக்க வேண்டும் என்பதே இந்தப் பயணம் எனக்குள் உறுதிப்படுத்திய எண்ணம். பேஸ் தொடங்கும்போது சாக்ஸபோன் ஒதுங்கிவிடுகிறது, பியானோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தொகுப்புச் சுரங்களை மட்டும் வைக்கிறது, டிரம்ஸ் கலைஞர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்களை எடுக்கிறார் அல்லது ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகளை மட்டும் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார். அறையின் ஒலி ஒரே நொடியில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. அதுவரை இசையின் உரத்த ஓட்டத்துக்குள் மறைந்திருந்தவை எல்லாம், நாற்காலி இழுபடுவதும் கண்ணாடிக் குவளைகள் உரசுவதும் தொண்டையைச் செருமுவதும், வெளியே வந்துவிடுகின்றன. அதைவிட, தாழ்ந்த ஒலியை ஓய்வுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. எட்டு மணி செட்டில் அதுதான் நடந்தது. எனக்கு முன்னால் இருந்த நால்வர் அதுவரை அடக்கி வைத்திருந்த பேச்சைத் தொடங்கினார்கள். பேஸ் கலைஞர் இரண்டு சுற்றுகளோடு முடித்துக்கொண்டார். கைதட்டல் மரியாதையாக வந்தது.

அதே அறையில் 1961ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழு ஐந்து செட்கள் வாசித்தது. அது நால்வர் குழு அல்ல என்றாலும் அந்த ஒலிப்பதிவை நினைக்காமல் அங்கே உட்கார்ந்திருக்க என்னால் இயலவில்லை. ஸ்காட் லஃபாரோவின் பேஸ் சோலோக்களின் பின்னணியில் குவளைகளின் ஓசையும் யாரோ பேசுவதும் சிரிப்பதும் தெளிவாகக் கேட்கின்றன. அடுத்த 11ஆம் நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ சாலை விபத்தில் இறந்துபோனார். அவருக்கு அப்போது வயது 25. அந்த ஒலிப்பதிவைக் கேட்கும் ஒவ்வொருவரும் அன்று அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறோம். அன்று அங்கே இருந்தவர்களோ, அவர்களில் சிலராவது, தங்கள் வார இறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீண்ட காலம் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்த மேசைகளில் ஒன்றில் நானே அமர்ந்த பிறகு கோபம் தணிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து பிறக்கிறது என்பது புரிந்தது.

பத்து மணி செட்டுக்கு வந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள். இசைக் கருவிப் பெட்டிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்த இளைஞர்கள், அன்றைய நிகழ்ச்சியை வேறெங்கோ முடித்துவிட்டு வந்த கலைஞர்கள், தனியாக வந்து சுவரோடு ஒட்டிய இருக்கைகளில் அமர்ந்துகொண்ட முதியவர்கள். இவர்களுடைய எதிர்வினை சோலோ முடியும்வரை காத்திருக்கவில்லை. ஒரு சொற்றொடர் எதிர்பாராத இடத்தில் திரும்பும்போது எங்கிருந்தோ ஒரு மெல்லிய உறுமல் எழுந்தது. சாக்ஸபோன் கலைஞர் வேறொரு பழைய பாடலின் நாலு சுரங்களைத் தமது சோலோவுக்குள் நுழைத்தபோது, அதை அடையாளம் கண்ட இரண்டு மூன்று மேசைகளிலிருந்து மட்டும் சிரிப்பு வந்தது. டிரம்ஸ் கலைஞரும் சாக்ஸபோன் கலைஞரும் நான்கு நான்கு அளவுகளாக மாறி மாறி வாசித்தபோது, முந்தைய செட்டினர் எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் தடுமாறியிருந்தார்கள். இவர்கள் தட்டவே இல்லை, இறுதிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் செட்டில் வாசித்த அதே பாடல் மீண்டும் வந்தது. பேஸ் சோலோவின்போது அறையில் அசைவே இல்லை. இம்முறை நான்கு சுற்றுகள். மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் பியானோ கலைஞர் முற்றிலும் விலகிக்கொண்டார். பேஸ் கலைஞர் வில்லை எடுக்காமலேயே விரல்களால் ஒரு நீண்ட மெட்டைக் கட்டினார். அந்த இரண்டு கூடுதல் சுற்றுகளை அவருக்குக் கொடுத்தது அந்த அமைதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுநாள் கூப்பர் சதுக்கம் வரை நடந்தேன். ஃபைவ் ஸ்பாட் என்ற சிறு விடுதி அங்கே இருந்தது, இன்று இல்லை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1957இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு பல மாதங்கள் நால்வர் குழுவாக வாசித்ததும், கோல்ட்ரேன் வாசிக்கும்போது பியானோவை விட்டெழுந்து மங்க் மேடையில் ஆடியதும் அங்கேதான். ஆனால் நான் தேடிப்போனது 1959 நவம்பர் 17. அன்று சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழு நியூயார்க்கில் முதன்முதலாக வாசித்தது. குழுவில் பியானோ இல்லை. முன்கூட்டி வகுத்த சுர அடுக்குகள் இல்லாமல் மெட்டு எங்கே இழுக்கிறதோ அங்கே போவது அவர்களுடைய முறை. இரண்டு வாரங்களுக்கென்று ஏற்பாடான நிகழ்ச்சி பத்து வாரங்களுக்கு நீண்டது. இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டீன் வந்து கேட்டு வியந்து பாராட்டினார்; வேறு சிலரோ இது இசையே அல்ல என்று வெளியேறினார்கள். பேஸ் வாசித்த சார்லி ஹேடனுக்கு 22 வயது. மேடையிலிருந்து தலையை உயர்த்திப் பார்த்தபோது சார்லஸ் மிங்கஸ், பால் சேம்பர்ஸ், பெர்சி ஹீத் போன்ற மாபெரும் பேஸ் கலைஞர்கள் எதிரே நின்று தம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதன் பிறகே கண்களை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கியதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அறை எவ்வளவு சிறியதோ, கேட்பவரின் பார்வைக்கு அவ்வளவு எடை கூடுகிறது. நடைபாதையில் நின்றபடி இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, என் முந்தைய இரவின் முகபாவம் எப்படி இருந்திருக்கும் என்ற கவலையும் எனக்கு வந்தது.

அந்த மூவரில் ஒருவரான மிங்கஸ், அவையின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளாதவர். 1960 அக்டோபரில் தமது நால்வர் குழுவோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தபோது, எதிரே ஒருவருமே இல்லாத நிலையிலும், விடுதியில் இருப்பதாகவே பாவித்து, கைதட்ட வேண்டாம், குவளையில் பனிக்கட்டியைக் குலுக்க வேண்டாம், கல்லாப்பெட்டியை ஒலிக்கவிட வேண்டாம் என்று இல்லாத ரசிகர்களை அவர் கேட்டுக்கொள்வது பதிவில் இருக்கிறது. பெர்சி ஹீத் பேஸ் வாசித்த மாடர்ன் ஜாஸ் குவார்டெட் வேறு வழியைப் பின்பற்றியது என்பார்கள்: பேச்சு எழுந்தால் இன்னும் மெதுவாக வாசிப்பது, பேசுபவர்களின் குரல் அவர்களுக்கே உரக்கக் கேட்கும்வரை ஒலியைத் தாழ்த்திக்கொண்டே போவது. இவ்விரண்டில் பின்னதே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

நியூயார்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாம். இசைக் கலைஞர்களின் சங்கம் ஒன்று 1974இல் உருவாக்கிய பிம்ஹவுஸ், 2005 முதல் நீர்க்கரையோரக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. இருக்கைகள் படிப்படியாக இறங்குகின்றன. மேடைக்குப் பின்னால் அகன்ற கண்ணாடிச் சுவர். அதன் வழியே நகரத்தின் விளக்குகளும், மத்திய ரயில் நிலையத்துக்குப் போய் வரும் ரயில்களும் ஓசையின்றிக் கடக்கின்றன. ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் தலைமையேற்ற நால்வர் குழுவை அங்கே கேட்டேன். தேர்ந்த அவை, பெரும்பாலான சோலோக்களுக்குப் பின் கைதட்டாமல் பாடலின் முடிவுவரை சேர்த்து வைத்து, கடைசிச் சுரம் அறவே தேய்ந்த பிறகு, அரங்கே எழுந்து நின்று தட்டியது. பேஸ் சோலோ முழு அமைதியில் நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் அந்த அமைதி எல்லாப் பாடலுக்கும் ஒரே அளவாக இருந்தது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அதே குழு, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவிலிருந்த ஒரு சிறு நகரத்தின் நாடக அரங்கில் வாசித்தது. சுமார் 150 இருக்கைகள். பழைய மரத்தாலான மடக்கு இருக்கைகள் என்பதால் யார் சிறிது அசைந்தாலும் கீல் முனகும். முதல் பாதியில் அந்த முனகல் என்னை மிகவும் தொல்லைப்படுத்தியது. வந்தவர்களில் பெரும்பாலோர் அரங்கின் ஆண்டுச் சந்தாதாரர்கள். இந்த மாதம் நாடகம், அடுத்த மாதம் நடனம், இடையில் இது. உற்சாகமான ஒரு பாடலுக்கு அவர்கள் சேர்ந்து கைதட்டத் தொடங்கினார்கள், தாளத்தின் நான்கு அடிகளில் ஒன்றாம் மூன்றாம் அடிகளில். ஜாஸின் அசைவோ இரண்டிலும் நான்கிலும் இருக்கிறது. பாடகரும் பியானோ கலைஞருமான ஹாரி கானிக் ஜூனியர் ஒருமுறை இப்படிப்பட்ட நிலையில் பியானோவில் ஓர் அடியைக் கூடுதலாக நுழைத்து, தட்டிக்கொண்டிருந்தவர்கள் அறியாமலேயே அவர்களைச் சரியான அடிக்கு நகர்த்திய காட்சி பலரும் பார்த்து வியந்த ஒன்று. இங்கே டிரம்ஸ் கலைஞர் அப்படி எதுவும் செய்யவில்லை. ஹை-ஹாட்டின் இரண்டையும் நான்கையும் சற்றே அழுத்தி மிதித்துக்கொண்டு அவையைப் பார்த்து முகம் மலர்ந்தார். பின்வரிசையில் சிலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை, பாடல் இனிதே முடிந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு மெதுவான பாலட். பிம்ஹவுஸில் கேட்ட அதே பாடல். பேஸ் சோலோவில் அதன் கலைஞர் கருவியின் கழுத்தில் உயர்ந்த சுரம் ஒன்றுக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டார். பிம்ஹவுஸில் அந்தச் சுரம் வந்த வேகத்தில் கடந்துபோயிருந்தது. இங்கே அதிர்வு முழுதும் அடங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை, பிறகு அதே சுரத்தை மறுபடி தொட்டார். பாடல் முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் கை எழவில்லை. நால்வரும் அசையாமல் நின்றார்கள். பல நொடிகளுக்குப் பிறகு, பாராட்டுக்கு இடமே தராமல், டிரம்ஸ் கலைஞர் அந்த நிசப்தத்துக்குள்ளிருந்தே பிரஷ்களால் அடுத்த பாடலைத் தொடங்கினார்.

இத்தகைய அரங்குகளில் நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் முகப்புக் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு முன் வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி பேஸ் கலைஞரிடம், அந்தப் பாடலுக்குத் தாங்கள் கைதட்டாமல் இருந்தது தவறா என்று ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். தவறே இல்லை என்றார் அவர். அந்த உயர்ந்த சுரத்தை எட்டியபோது இடப்புறத்து இருக்கைகள் ஒரே சமயத்தில் முனகினவாம். ஒரு வரிசை முழுவதும் முன்னால் சாய்ந்திருக்கிறது என்று புரிந்ததாம். அதனால்தான் கையை எடுக்கவில்லை என்றார். மூதாட்டி சற்று யோசித்துவிட்டு, தாம் அமர்ந்திருந்தது இடப்புறத்தில்தான் என்றார்.