பழைய போல்ட்தானே?

“பழைய போல்ட்தானே போட்டீர், தம்பி?” என்று கேட்டார் வண்டியின் சொந்தக்காரர்.

“ஓம் ஐயா” என்றேன். கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது. நான்கு மாதமாக அந்த ஒரு சொல் என்னை விடவில்லை.

வண்டி மொறிஸ் மைனர் பிக்கப். 1970களின் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுபோன இனம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயில் இவை ஓடிய காலத்தை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது வவுனியாவில் உறவினர் வளவில் நின்றதால் இந்த வண்டி தப்பியது. அவர் மகன் தப்பவில்லை என்று எழுத எனக்கு உரிமை இல்லை. 2009க்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை, அவ்வளவுதான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டத்தில் படத்தோடு போய் அமர்ந்தவர்களில் அவன் தாயும் ஒருவர்.

ஸ்டியரிங் தண்டைத் திரும்பப் பூட்டுவது பெரிய வேலை இல்லை. முன்சில்லுகளைத் திருப்பும் பற்சட்டமான ராக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்த வேண்டும். முன்சில்லுகளை நேராக்கிக்கொண்டு, தண்டின் அடிக்கவ்வியை, ராக்கை நகர்த்தும் சிறு தண்டான பினியனின் பற்களில் ஏற்ற வேண்டும். ஒரு பல் மாறினாலும் நேர்ரோட்டில் ஸ்டியரிங் வளையம் கோணி நிற்கும். இரண்டாம் தடவைதான் எனக்குச் சரியாக வந்தது. பிறகு அந்தக் கவ்வியை இறுக்கும் ஒரே ஒரு போல்ட். பினியனில் வெட்டியிருக்கும் பள்ளத்தினூடாக அது போகிறது. கவ்வி தளர்ந்தாலும் தண்டு கழன்று வராமல் தடுப்பது அதுதான்.

அந்தப் போல்ட்டைத் தடைக்காலத்தில் மகன் கடைந்திருக்கிறான். இந்த வண்டிகளுக்கு அங்குலப் புரி. அப்போது எங்கே போய் வாங்குவது? என்ன இரும்பு என்று தெரியாது. தலையில் வலுவைக் காட்டும் கோடுகள் இல்லை. ஆறு பக்கத்தையும் அரத்தால் ராவியிருக்கிறான். ஒரு பக்கம் சற்றுச் சரிந்துவிட்டதால், போல்ட்டை இறுக்கும் சாவி இரண்டு நிலைகளில் கச்சிதமாக அமரும், மூன்றாவதில் ஆடும். பள்ளத்தில் உராய்ந்த இடத்தில் ஒரு தேய்வு. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

“அதையே போட்டுவிடும். அவன் வந்தால் முதலில் தன் போல்ட்டைத்தான் தேடுவான்” என்று வண்டியை விடும்போதே சொல்லியிருந்தார்.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து புதிய போல்ட்டை எடுப்பித்துப் போட்டேன். அதில் எனக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. ஒட்டுசுட்டான் வீதியில் இரவில் யானை குறுக்கே வந்து அவர் வளையத்தை வெட்டித் திருப்பும்போது அந்தத் தேய்வு முறிந்தால் நான் யாரிடம் போய் நிற்பது? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் குழிகளே வீதியாக இருந்த காலம் முழுவதும் அந்தப் போல்ட்தான் இந்த வண்டியைத் திருப்பியது. புதியதன் தலையில் கோடுகள் இருக்கின்றன. அவற்றை யார் பொறித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அறியாத ஒருவரின் கோடுகளை நம்பினேன், கண்முன்னே இருந்த உழைப்பை நம்பவில்லை. இந்தத் தொழிலில் அது சரிதான் என்பேன். இரவில் படுத்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

மாற்றியதைவிட, மறைத்ததுதான் உறுத்துகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் பழையதையே போடச் சொல்லியிருப்பார், வண்டி அவருடையது, நான் மறுக்க வேண்டி வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை. “ஐயா, இது தேய்ந்துவிட்டது” என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் செய்த ஒன்றைப் பற்றி அந்தச் சொல்லை அவர் என் வாயிலிருந்து கேட்கக்கூடாது என்று நினைத்தேன். இத்தனை ஆண்டுகளில் எவ்வளவோ கேட்டுத் தாங்கியவர். இதைத் தாங்கமாட்டார் என்று தீர்மானிக்க நான் யார்?

அவர் போனபின் வேலை பழகும் தம்பி கேட்டான்: “அண்ணை, பழையதை எறியவா?” நான் “ஓம் ஐயா” என்றபோது வளையத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அவன். எறியாதே என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மேலதிகச் சில்லு தாங்கியில் அதைப் பூட்டிவிட்டால், வண்டியில் இருக்கிறது என்றாவது சொல்லலாம் என்று ஒருநாள் யோசித்தேன். அது இரண்டாவது பொய் போலத் தோன்றியதால் விட்டுவிட்டேன். போன கிழமை ஒயில் மாற்ற வந்தார். பேரப்பிள்ளையை மடியில் வைத்து வளையத்தைப் பிடிக்கவிட்டு, “இது உன்ர மாமா பூட்டினது” என்று காட்டினார். நான் சாவியைத் தேடுவதுபோல உள்ளே போனேன். மேசையில் பால்மா டின்னுக்குள் அது இருந்தது. மாரி தொடங்கிவிட்டதால் கிறீஸ் பூசிச் சீலைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். அவர் வண்டியை எடுத்துவிட்டிருந்தார்.