அறுவடைக்கு முந்தைய பட்டறைக் குறிப்புகள்: ஹைட்ராலிக் சிலிண்டர்

மன்னார்குடி, ஜனவரி 3

பொங்கல் முடிந்ததும் சம்பா அறுவடை மும்முரமாகும். பெல்ட் வண்டிகள் (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரங்கள்) வரிசையாகப் பட்டறைக்கு வருகின்றன. வண்டியின் முன்னால் நெல்லை அறுக்கும் கட்டர் பாரை எண்ணெய் அழுத்தத்தால் தூக்குவது ஹைட்ராலிக் சிலிண்டர். ஸ்பேனரை எடுக்கும் முன் கட்டர் பார் தரையில் இறங்கியிருக்க வேண்டும். தூக்கியே வைக்க வேண்டுமானால் இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு லீவரை இரு பக்கமும் நாலைந்து முறை அசைத்தால் ஹோஸில் தேங்கிய அழுத்தம் இறங்கும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. நம்மூர்க் களிமண்ணில் அது சாய்ந்து புதையும்.

63 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் தள்ளும் விசை ஏறக்குறைய 4.8 டன்.

ஜனவரி 5

தூக்கி வைத்த கட்டர் பார் தானாக இறங்குகிறது. உடனே சீல் கிட் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) வாங்க ஓட வேண்டாம். கட்டர் பாரைத் தூக்குவது பெரும்பாலும் ஒருவழி சிலிண்டர்: எண்ணெய் தூக்கும், எடை இறக்கும். ராடு (சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் தண்டு) வாயிலும், காற்று போய்வரும் மூச்சுத் துளையிலும் ஹோஸ் இணைப்பிலும் கசிவு இல்லையென்றால், எண்ணெய் வால்வு வழியாகத்தான் டேங்குக்குத் திரும்புகிறது. ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயைத் திருப்பும் தண்டு) தேய்ந்திருக்கலாம், எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வின் இருக்கையில் தூசி சிக்கியிருக்கலாம். முதலில் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தள்ளவும் இழுக்கவும் எண்ணெயே வேலை செய்யும் இருவழி சிலிண்டருக்குச் சோதனை வேறு. ராடை முழுக்க வெளியே நீட்டி, அழுத்தத்தை இறக்கி, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைக்கவும். திறந்த துளைக்குக் கீழே டப்பா வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, சிலிண்டரின் பின்பக்கம் மெதுவாக அழுத்தம் கொடுக்கவும். எண்ணெய் விடாமல் ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சொட்டு சொட்டாக வந்தால் வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஜனவரி 8

சிலிண்டரைப் பிரிக்கும்போது பிஸ்டன் வரவில்லையென்று கம்ப்ரசர் காற்றை ஏற்றுவது ஆளைக் கொல்லும் வழக்கம். பிஸ்டன் குண்டு போலப் பாயும். கையால் இழுக்க வேண்டும், இல்லையேல் கையால் இயக்கும் பம்பில் எண்ணெய் விட்டு மெல்லத் தள்ள வேண்டும். எண்ணெய் அடைபட்ட சிலிண்டரில் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான், வெடிக்கும்.

சிலிண்டர் வாயை மூடும் கிளாண்ட் நட்டுக்கு உளியும் சுத்தியலும் ஆகாது, கொக்கி ஸ்பேனர் வேண்டும். புது சீலுக்குப் பழைய சீலை அளக்காதீர்கள், அது ஊறியும் தேய்ந்தும் இருக்கும். சீல் உட்காரும் பள்ளத்தையும் ராடையும் வெர்னியரில் அளக்க வேண்டும். சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அன்றே ஒழுகும். ராடைத் துடைக்கும் வைப்பர் சீலுக்கு மட்டும் உதடு வெளிப்பக்கம், சேற்றைத் தடுக்க.

ஜனவரி 9

ஹோஸில் ஊசித்துளைக் கசிவு. விரலால் தடவித் தேடவே கூடாது. நீளமான அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், வலியும் குறைவு. உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க நேரும். காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது” என்று சொல்லவும்.

ஜனவரி 11

வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் ராடு முழுக்கப் புள்ளி அரிப்பு, உப்புக் காற்றால். நகம் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. குரோம் பூசவோ ராடை மாற்றவோ வேண்டும். சும்மா நிற்கும் மாதங்களில் ராடு உள்ளே இருக்கட்டும், வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ் தடவவும்.

மாட்டி முடித்தபின் சுமையில்லாமல் ஐந்தாறு முறை முழு நீளத்துக்கு மெதுவாக ஓட்டிக் காற்றை வெளியேற்றவும். பிறகு ராடுகளை உள்ளே இழுத்து எண்ணெய் மட்டம் பார்க்கவும். பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது, நுரைத்தால் பம்புக்குப் போகும் ஹோஸ் காற்றை இழுக்கிறது.