இருமல் கணக்கு: பிவிண்டி காடு, உகாண்டா

ஜூலை 2
காலையில் மறுபடி இருமல். மூக்கில் தழும்புள்ள பெண் கொரில்லாதான். நேற்று வறட்டு இருமல், இன்று சளி கட்டியிருப்பது சத்தத்திலேயே தெரிகிறது.

ஜூலை 3
கூடுகள் பார்த்தாயிற்று. கொரில்லா தினமும் புதுக்கூடு போட்டுத்தான் படுக்கும். எச்சத்தைக் கூட்டிலேயே விட்டுப் போகும். யாரையும் தொடாமல் மாதிரி கிடைத்துவிடும். 7.2 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், கூடவே வெள்ளை முடி என்றால் அது வெள்ளிமுதுகு, அதாவது முதிர்ந்த ஆண். குழாயில் கூட்டின் எண்ணை அங்கேயே எழுதிவிட வேண்டும். முகாமுக்கு வந்தபின் எது யாருடையது என்று தெரியாது.

தழும்புக்காரி சாப்பிட்டாள். மூக்கு ஒழுகவில்லை.

ஜூலை 4
ஒழுகுகிறது.

ஜூலை 6
பயணிகள் கொரில்லாவை விட்டுத் தள்ளி நிற்க வேண்டிய தூரம் முன்பு 7 மீட்டர், கோவிட்டுக்குப் பின் 10. ஒரு கூட்டத்துக்கு நாளுக்கு 8 பேர், ஒரு மணி நேரம். விதியில் குறையே இல்லை. ஆனால் ஆளைக் கண்டால் ஓடாதிருக்க இந்தக் கூட்டத்தை வருடக்கணக்கில் பழக்கியது நாம்தானே. பயம் போனபின் இடைவெளி எங்கே நிற்கும்? குட்டி தானாகவே நடந்து வந்து ஷூ லேஸை இழுக்கிறது. பின்வாங்க வேண்டியது மனிதன். அவன் கையில் போன், முதுகுக்குப் பின்னால் சரிவு. 2020-ல் வெளியான ஆய்வில் இங்கே சராசரி இடைவெளி 3 மீட்டர்கூட இல்லை. 800 டாலர் கட்டி வந்தவர் தொண்டைக் கரகரப்பை வாய்விட்டுச் சொல்வாரா? காய்ச்சல் பார்த்தும் பயனில்லை. ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் உடம்பு சுடுவதே இல்லை.

ஜூலை 7
ஹிர்வா கொரில்லாக் கூட்டம், ருவாண்டா, 2009. 12-ல் 11 நோயில் விழுந்தன. ஒரு பெண்ணும் ஒரு குட்டியும் செத்தன. மனிதருக்குச் சளி இருமல் தரும் மெட்டாநியூமோவைரஸ். இங்கே உகாண்டாவிலேயே, கிபாலே காட்டில் 2013-ல் 56 சிம்பன்சிகளில் 5 போனது ரைனோவைரஸால். நமக்கு அது வெறும் மூக்கடைப்பு.

ஜூலை 8
கூட்டத்தின் வெள்ளிமுதுகுப் பெரியவரும் இருமுகிறார்.

ஜூலை 9
ஊசி போடுவதென்று முடிவு. உயிருக்கு ஆபத்து, அல்லது மனிதனால் வந்த கேடு என்றால்தான் கை வைப்பது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பின்னாலேயே நுரையீரலில் நுழையும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்காகத்தான் அது. துப்பாக்கி ஊசியைத் தொடையில், சதை தடித்த இடத்தில் அடிக்க வேண்டும். தாய் என்றால் குட்டி எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்த்த பிறகே குறி. மருந்து இறங்கியதும் ஊசி கழன்று விழும். குட்டிகள் வாயில் வைப்பதற்குள் தேடி எடுத்தாக வேண்டும்.

2021-ல் அமெரிக்காவின் சான் டியேகோ சஃபாரி பூங்காவில் கொரில்லாக்களுக்குக் கோவிட் வந்தபோது வயதான ஆணுக்கு எதிர்ப்புப்புரத மருந்தே கொடுக்க முடிந்தது. நோய் வர வழியான அதே நெருக்கம் அங்கே வைத்தியத்துக்கும் உதவியது. இங்கே நோய்க்கு மட்டும்தான் வழி விட்டிருக்கிறோம்.

ஜூலை 10
தழும்புக்காரி 10 நிமிடத்தில் 4 முறை. நேற்று 11. காட்டுச் செலரி தின்றாள்.

ஜூலை 11
பெரியவர் கூட்டை விட்டு எழ மதியமாயிற்று. மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணவிடாமல் முதுகு காட்டியே உட்கார்ந்திருக்கிறார். பயணிகளை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. நாளைக்கும் 8 பேர் பட்டியலில் இருக்கிறார்கள்.