ஓபன்வாஸ் ஒன்றும் இல்லை என்று சொன்னால்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களுக்கு, வலையமைப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் உண்டா என்று சோதிக்கத் தோதான நேரம் மாரிகாலம்தான். அறைகள் வெறுமையாக இருக்கும். நடுவில் வைபை நின்றாலும் யாரும் தவிக்கமாட்டார்கள். விருந்தினர் வைபை, கமராப் பெட்டி, பில் போடும் கணினி எல்லாம் ஒரே ரவுட்டரில் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

முதலில் என்மேப். 1997இலிருந்து இருக்கும் இந்தக் கருவி, எந்தப் பெட்டியில் எந்த போர்ட், அதாவது வலையமைப்பு வழியாக உள்ளே வரும் எண்ணிட்ட வாசல், திறந்திருக்கிறது என்று காட்டும். சும்மா ஓடவிட்டால் 65,535 போர்ட்டுகளில் அதிகம் புழங்கும் 1,000ஐ மட்டுமே பார்க்கும். சில கமராப் பெட்டிகள் பயன்படுத்தும் 37777 அதற்குள் வராது. ஆகவே எல்லா போர்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 23 திறந்திருந்தால் அது பெரும்பாலும் டெல்நெட், கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்பும் பழைய தொலை நுழைவு முறை, அன்றைக்கே மூடுங்கள்.

அடுத்தது ஓபன்வாஸ். திறந்த போர்ட்டுகளின் பின்னால் தெரிந்த ஓட்டைகள் உண்டா என்று தேடும் கருவி இது. இதே வேலையைச் செய்யும் நெசஸ் 2005இல் மூடிய மென்பொருளானபோது அதன் திறந்த மூலத்திலிருந்து கிளைத்தது. இப்போது கிரீன்போன் நிறுவனம் பராமரிக்கிறது. மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் டொக்கரில் போட 4 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் குறைந்தபட்சம். 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. சோதனைத் தரவுகள் இறங்கி ஏறப் பல மணி நேரம் பிடிக்கலாம், இரவில் தொடங்கிவிடுங்கள். அது முடியமுன் உள்ளே போனால் ஸ்கேன் அமைப்புகளின் பட்டியலே வெறுமையாக இருக்கும்.

அறிக்கை காலியாக வந்தால் சந்தோசப்படாதீர்கள். இருக்கிறாயா என்று கேட்கும் பிங் செய்தியை வின்டோஸ் கணினியின் பயர்வோல் தடுத்தால், அந்தக் கணினியே இல்லையென்று ஓபன்வாஸ் தாண்டிப் போய்விடும். இலக்கு அமைப்பில், உயிரோடு இருப்பதாகவே எடுத்துக்கொள் என்ற தெரிவைப் போடுங்கள். பிரிண்டரை அது வேண்டுமென்றே விட்டுவிடும். 9100 போர்ட்டுக்குப் போவதையெல்லாம் பிரிண்டர் தாளில் அடித்துத் தள்ளும் என்பதே காரணம். கண்டுபிடிப்பு எவ்வளவு உறுதியானது என்று ஓபன்வாஸ் போடும் நம்பகத்தன்மை 70 வீதத்துக்குக் குறைந்த முடிவுகளும் வழமையாக மறைந்திருக்கும். வடிகட்டியை 30க்கு இறக்கிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு, இல்லாத ஓட்டையையும் அது காட்டலாம். லினக்ஸ் வகையான டெபியன் பழைய பதிப்பெண்ணை வைத்துக்கொண்டே ஓட்டையை அடைக்கும். பதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் சோதனை அதையும் ஓட்டை என்றே எழுதும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் கணக்கைக் கொடுத்து ஓபன்வாஸை உள்ளிருந்து பார்க்கவிட்டால் இந்தக் குழப்பம் பெரிதும் தீரும்.

பக்கத்து விடுதியின் வைபை எட்டுகிறதென்று அதைத் தொடவேண்டாம். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். உறவினர் விடுதியென்றாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.