'வேணாண்ணே' சொல்லப் பழகுகிறோம்

ஜூன் 26
போதைப்பொருள் எதிர்ப்பு நாள். காலைக் கூட்டத்தில் கையை நீட்டி உறுதிமொழி, அதோடு சரி. மதியம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய் கோணிக்கொண்டு கணக்குப் போடுகிறான், துப்பச் சொன்னால் உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம். சுண்டுவிரல் நகம் அளவுதான்.

ஜூன் 27
"அண்ணன் குடுத்துச்சு டீச்சர்." எந்த அண்ணன்? மதகில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு அண்ணன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து பள்ளி விட்டதும் இவர்களுக்கு அங்கேதான் குளியல். பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் இருக்கிறது, ஆனால் மதகு என்ன கடையா? சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தாலே 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். வகுப்பில் சொன்னேன். "அப்ப அண்ணன புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?" என்று அந்தப் பையன்தான் முதலில் பதறினான்.

ஜூன் 30
அமெரிக்காவில் 1983-ல் 'டேர்' என்று ஒரு போதை எதிர்ப்புத் திட்டம், லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவிய பிறகு ஆராய்ந்தால், பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அப்புறம் 2009 வாக்கில் மாற்றினார்கள்: மறுப்பது, காரணம் சொல்வது, ஒதுங்குவது, கிளம்பிவிடுவது, எல்லாவற்றையும் பேசி நடித்துப் பழகுவது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஜூலை 1
பழகிப் பார்த்தோம். முதலில் வந்தவன் "போதை உடலுக்குக் கேடு அண்ணா" என்றான், வகுப்பே சிரித்தது. எந்த அண்ணனிடம் இப்படிப் பேசுவான்! அடுத்தவன், "எங்கம்மா வாய மோந்து பாக்கும்ணே, வரேன்" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினான். பிரமாதம். அண்ணனாக நடித்தவன் விடவில்லை, "பொட்டப்புள்ள மாதிரி பயப்படுறியே" என்றான், போனவன் திரும்பி வந்து சட்டையைப் பிடித்துவிட்டான், நிஜமாகவே. அடிதடி தொடங்குவது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வார்த்தையில்தான். "அதென்ன பொட்டப்புள்ள மாதிரி?" என்று பெண்பிள்ளைகள் எழுந்து கேட்க, மீதிப் பாடவேளை அந்தச் சண்டையிலேயே போனது. நான் தடுக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதானே.

ஜூலை 3
குறுவை நடவு முடித்து, காலில் சேறு காய்ந்தபடி அந்தப் பையனின் அம்மா வந்தார். "நாலு போட்டா திருந்திடுவானா டீச்சர்?" அடித்தால் மதகுக்குத்தான் ஓடுவான் என்றேன். 14416-க்குப் போன் போட்டால் மனநல ஆலோசனை இலவசம், அதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

நாளை ஏழாம் வகுப்பு. பீடி வாங்கி வரச்சொல்லும் பெரியப்பாவை எப்படி மறுப்பது என்று இப்போதே கேட்டுவிட்டார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாதுதான், அதற்காகப் பெரியப்பாவிடம் போய்ச் சட்டமா பேச முடியும்? வசனம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.